அந்த மாத்திரை கொழந்தைய பாதிக்குமா டாக்டரம்மா?

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயந்தான். மாசமா இருக்கும்போது ஹார்மோன் மாத்திரை போட்டுட்டேன், கொழந்தைக்கு ஊனம் கீனம் வந்துடுமான்னு. சரி, மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். எழுதறவங்க நெறைய பேரு "ஹார்மோன் மாத்திரை"ன்னு மொட்டையா எழுதிடறீங்க. இன்சுலினும் ஹார்மோன்தான், தைராய்டு மாத்திரையும் ஹார்மோன்தான், நாள் தள்ளி போட சாப்பிடறதும் ஹார்மோன்தான், மூணும் பண்ற வேலை வேற வேற. அதனால ஸ்ட்ரிப்பை திருப்பி பின்னாடி பொடி எழுத்துல இருக்கற மருந்து பேரு, எத்தனை மில்லிகிராம், எத்தனாவது வாரத்துல போட்டீங்க, எத்தனை நாளு, இந்த நாலையும் எழுதுங்க. கம்பெனி பேரு மட்டும் எழுதினா நானே நெட்ல தேட வேண்டியிருக்கு!

கேள்வி (தேனி வாசகி): எனக்கு 29 வயசு. ரெண்டு தடவ தானா கலைஞ்சு போச்சு. இப்ப 7 வாரம். லேசா பிரௌன் கலர்ல பட்டுச்சு, டாக்டர் ப்ரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல் குடுத்து காலைல ராத்திரி உள்ள வைக்க சொன்னாங்க. ஸ்கேன்ல ஹார்ட் பீட் நல்லா இருக்கு. எங்க வீட்டுக்காரர் நெட்ல படிச்சுட்டு இதனால கொழந்தைக்கு இதயத்துல ஓட்டை வருமாம், நிறுத்துன்னுட்டாரு. மூணு நாளா வைக்கல. என்ன பண்ண?

பதில்: முதல்ல இன்னைக்கே உங்க டாக்டருக்கு போன் போட்டு மூணு நாளா வைக்கலன்னு மறைக்காம சொல்லுங்க, அவங்க சொல்றபடி திரும்ப ஆரம்பிங்க. விளக்கம் பொறுமையா படிக்கலாம்.

முட்டை வெளிய வந்த எடத்துல சினைப்பையில மஞ்சளா ஒரு கட்டி மாதிரி உருவாகும், அதுதான் ஆரம்பத்துல ப்ரோஜெஸ்டிரோன் சுரக்குது, கருப்பையோட உள்பூச்சு கழண்டு விழாம பிடிச்சு வைக்கறது அதோட வேலை. சுமார் 8, 10 வாரத்துக்குள்ள அந்த வேலைய நஞ்சுக்கொடி ஏத்துக்கும். உங்களுக்கு குடுத்திருக்கற கேப்ஸ்யூல்ல இருக்கறதும் அதே சரக்குதான், லேப்ல பண்ணினது ஆனா உங்க உடம்பு பண்றதுக்கும் அதுக்கும் மூலக்கூறுல வித்தியாசமே கெடையாது. அந்த வகைல கொழந்தைக்கு இது புதுசு இல்ல, பத்து மாசமும் அது இந்த ஹார்மோன்லயேதான் ஊறிட்டு இருக்கு.

சரி, பலன் இருக்கான்னு கேட்டா, இங்கிலாந்துல 4153 பொண்ணுங்கள வச்சு ஒரு பெரிய ட்ரையல் பண்ணாங்க, ப்ரிஸம்னு பேரு, 2019ல வெளியாச்சு. எல்லாருமே ஆரம்பத்துல ரத்தம் பட்டவங்க. பாதி பேருக்கு நெஜ மருந்து 400 மில்லிகிராம் ரெண்டு வேளை, பாதி பேருக்கு டம்மி. முன்னாடி ஒண்ணு ரெண்டு தடவ கலைஞ்சவங்கள்ல 100க்கு 76 பேருக்கு கொழந்தை பொறந்துச்சு, டம்மில 72. மூணு தடவையோ அதுக்கு மேலயோ கலைஞ்சவங்கள்ல நெஜ மருந்துல 72, டம்மில 57, இது பெரிய வித்தியாசம். முன்னாடி கலையவே இல்லாதவங்களுக்கு ஒரு பிரயோஜனமும் தெரியல. பிறவிக் கோளாறு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இதை வச்சுதான் 2021ல இங்கிலாந்து கைட்லைன்லயே, முன்னாடி கலைஞ்சிருந்து இப்ப ரத்தமும் பட்டா குடுக்கலாம், ஹார்ட் பீட் வந்திருந்தா 16 வாரம் வரைக்கும் தொடரலாம்னு போட்டாங்க. நீங்க அந்த கணக்குல அப்படியே வர்றீங்க.

ஆனா இதுல மாயம் எதுவும் இல்லம்மா. ஆரம்பத்துல கலையறதுல பாதிக்கு பாதி கருவோட குரோமோசோம்லயே கோளாறு, அதை எந்த கேப்ஸ்யூலும் நிறுத்தாது.

இதயத்துல ஓட்டைன்னு உங்க வீட்டுக்காரர் படிச்சது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கு ஓரளவு தெரியும். அது டைட்ரோஜெஸ்டிரோன்னு இன்னொரு மாத்திரை, நம்மூர்ல கரு நிக்கறதுக்குன்னு வாயால சாப்பிட குடுக்கறது, ப்ரோஜெஸ்டிரோனுக்கு பங்காளி மாதிரி, அதே ஆள் இல்ல. 2015ல காசாவுல ஒரு ஆராய்ச்சி, இதயக் கோளாறோட பொறந்த கொழந்தைங்க அம்மாக்கள்ட்ட போய் நீங்க அந்த மாத்திரை சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க, சாப்பிட்டவங்க கொஞ்சம் அதிகமா இருந்தாங்க. இதுல என்ன சிக்கல்னா ரத்தம் பட்டவங்களுக்குத்தானே மாத்திரையே குடுக்கறோம், ரத்தம் படறதுக்கும் கோளாறுக்கும் காரணம் ஒண்ணா இருந்துட்டா மாத்திரை மேல பழி விழும். தவிர, கொழந்தைக்கு ஒண்ணுன்னா அந்த அம்மா ஒவ்வொரு மாத்திரையா ஞாபகப்படுத்தி பாப்பா, நல்லா இருக்கற கொழந்தையோட அம்மா மறந்தே போயிருப்பா. அதுக்கப்புறம் டெஸ்ட் ட்யூப் சிகிச்சைல இருந்தவங்கள ஆயிரத்துக்கு மேல வச்சு லோட்டஸ்னு ரெண்டு ட்ரையல் வந்துச்சு, பாதி பேருக்கு டைட்ரோஜெஸ்டிரோன், பாதி பேருக்கு உள்ள வைக்கற ப்ரோஜெஸ்டிரோன், பிறவிக் கோளாறு ரெண்டுலயும் ஒரே அளவு. அதனால நான் பயப்படல. அதுக்காக ரத்தமும் இல்ல, முன்னாடி கலையவும் இல்ல, சும்மா ஒரு தைரியத்துக்குன்னு எல்லாருக்கும் எழுதறதும் எனக்கு பிடிக்காது. அப்படி எழுதினா எதுக்குன்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

இன்னொண்ணு, கேப்ஸ்யூல் வச்ச கொஞ்ச நேரத்துல எண்ணெய் மாதிரி வெள்ளையா வழியும், மருந்தெல்லாம் வெளிய போயிடுச்சேன்னு ரெண்டாவது ஒண்ணு வைக்காதீங்க. ராத்திரி வைக்கறத படுக்கும்போது வச்சா தொல்லை கம்மி. உங்க மாதிரி இன்னொருத்தர் வாரா வாரம் போடற ஊசிய பத்தி கேட்டிருக்காங்க, அது ஹைட்ராக்ஸி ப்ரோஜெஸ்டிரோன் கேப்ரோயேட், வேற சரக்கு. குறைப்பிரசவத்த தடுக்கும்னு அமெரிக்காவுல 2011ல அனுமதிச்சு, பெரிய ட்ரையல்ல பலன் இல்லன்னு தெரிஞ்சு 2023ல அனுமதிய வாபஸ் வாங்கிட்டாங்க. நம்ம பக்கம் இன்னும் போட்டுட்டுதான் இருக்காங்க.

கேள்வி (கும்பகோணம் வாசகி): கொலதெய்வம் கோயில்ல எங்க பொண்ணுக்கு காதுகுத்து. அன்னைக்கு நாள் வந்துடும்னு மெடிக்கல்ல கேட்டு தள்ளி போடற மாத்திரை வாங்கி ஒரு நாளைக்கு மூணுன்னு ஆறு நாள் சாப்பிட்டேன். நிறுத்தி பத்து நாளாகியும் வரல, டெஸ்ட் பண்ணா ரெண்டு கோடு. மாமியாரும் நாத்தனாரும் மாத்திரை சாப்பிட்ட கரு வேணாம், கலைச்சிடுன்றாங்க. எங்களுக்கு ரெண்டாவது வேணும்னு ஆசை.

பதில்: கலைக்காதீங்க. அந்த மாத்திரை காரணமா கலைக்க வேண்டிய அவசியமே இல்ல.

அது நோரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம், ப்ரோஜெஸ்டிரோன் மாதிரி வேலை செய்யற செயற்கை ஹார்மோன். நீங்க சாப்பிட்ட அந்த ஆறு நாள்ல கரு கருப்பைல ஒட்டிக்கிட்டு இருந்த சமயம், கை காலு இதயம் எதுவும் உருவாகவே ஆரம்பிக்கல. அந்த ஸ்டேஜ்ல ஏதாவது பெருசா பாதிச்சா கரு நிக்காமயே போயிடும், நின்னுச்சுன்னா பெரும்பாலும் முழுசா சமாளிச்சு வளரும். பழைய பயம் ஒண்ணு உண்டு, பொய் சொல்ல மாட்டேன். 1960 வாக்குல அமெரிக்காவுல லாசன் வில்கின்ஸ்னு ஒரு டாக்டர், கரு கலையாம இருக்க இந்த ஜாதி மருந்த சாப்பிட்டவங்களுக்கு பொறந்த பொம்பள கொழந்தைங்கள்ல சிலதுக்கு பிறப்புறுப்பு ஆம்பள கொழந்தை மாதிரி பெருத்து இருக்குன்னு எழுதினாரு. ஆனா அவங்க சாப்பிட்டது வாரக்கணக்குல மாசக்கணக்குல, உறுப்பு உருவாகற மூணாவது மாசத்தையும் சேர்த்து. உங்களோடது ஆறு நாள், நாலாவது வாரம். ரெண்டையும் ஒண்ணா பேசக்கூடாது.

மாசமா இருக்கறது தெரியாம கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டவங்களும் நெறைய பேரு கேட்டிருக்கீங்க. டென்மார்க்ல சுமார் 8.8 லட்சம் பிரசவத்த எடுத்து பாத்தாங்க, 2016ல வந்துச்சு. மாத்திரையே சாப்பிடாதவங்க, முன்னாடியே நிறுத்தினவங்க, மாசமான பிறகும் சாப்பிட்டவங்க, எல்லாருக்குமே ஆயிரத்துக்கு 25 கொழந்தை வாக்குலதான் பெரிய பிறவிக் கோளாறு. எந்த மாத்திரையும் சாப்பிடாம பத்தியமா இருந்தாலும் இந்த 100க்கு ரெண்டு மூணு இருக்கத்தான் செய்யும், இதை மனசுல வச்சுக்கிட்டாத்தான் யாராவது சொல்ற கதைய எடை போட முடியும்.

நீங்க பண்ண வேண்டியது, ஃபோலிக் ஆசிட் இன்னைக்கே ஆரம்பிங்க, 11 முடிஞ்சு 14 வாரத்துக்குள்ள என்டி ஸ்கேன் (கொழந்தையோட பின்கழுத்த அளந்து பாக்கறது), அஞ்சாம் மாசம் அனாமலி ஸ்கேன் (உறுப்பெல்லாம் சரியா இருக்கான்னு பாக்கறது). எல்லாரும் எடுக்கறதுதான், உங்களுக்குன்னு ஸ்பெஷலா எதுவும் இல்ல. மாமியார்கிட்ட இந்த பக்கத்த படிச்சு காட்டுங்க. அடுத்த விசேஷத்துக்கு தள்ளி போடறதா இருந்தா முதல்ல ஒரு யூரின் டெஸ்ட் பண்ணிட்டு மாத்திரைய தொடுங்க. மெடிக்கல்காரர் இதெல்லாம் கேக்க மாட்டாரு, கூட்டத்துல ஸ்ட்ரிப்ப கத்தரிச்சு கவர்ல போட்டு நீட்டிடுவாரு.

கேள்வி (திண்டுக்கல் வாசகி): எனக்கு 62 வயசு. 1984ல நாள் தள்ளிப்போச்சுன்னு டாக்டர்ட்ட போனேன், ரெண்டு மாத்திரை குடுத்து, மாசமா இல்லன்னா ரத்தம் வந்துடும், வரலன்னா மாசம்னு சொன்னாங்க. வரல. பையன் பொறந்தான், எடது கைல மூணு வெரல் பாதிதான் இருந்துச்சு. இப்ப நல்ல வேலைல இருக்கான், பேரனுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த ரெண்டு மாத்திரைய நான் யார்ட்டயும் சொன்னதே இல்ல. போன வருஷம் பேத்தி போன்ல ஏதோ வெளிநாட்டு செய்தி படிச்சு காட்டினதுலேருந்து தூக்கம் வரல.

பதில்: அம்மா, உங்க கடுதாசிய ரெண்டு தடவ படிச்சேன். நீங்க எதுவும் தப்பு பண்ணல, டாக்டர் குடுத்தத சாப்பிட்டீங்க, அந்த காலத்துல வீட்டுலயே பண்ற கோடு டெஸ்ட் நம்ம ஊர்ல எங்க இருந்துச்சு?

பேத்தி படிச்சது ப்ரிமோடாஸ் விஷயமா இருக்கும். இங்கிலாந்துல 1950கள் கடைசிலேருந்து 1978 வரைக்கும் வித்த மாத்திரை, ரெண்டு மாத்திரைதான், ஒண்ணுல 10 மில்லிகிராம் நோரெத்திஸ்டிரோன், கூட கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன்னு இன்னொரு பொம்பள ஹார்மோன். மாசமா இருக்கோமான்னு பாக்கறதுக்கே அதை குடுத்தாங்க. 1967ல இசபெல் கால்னு ஒரு கொழந்தைங்க டாக்டரம்மா, முதுகுத்தண்டு கோளாறோட பொறந்த கொழந்தைங்களோட அம்மாக்கள்ல இந்த மாத்திரை போட்டவங்க ஜாஸ்தியா இருக்காங்கன்னு எழுதினாங்க. அதுக்கப்புறமும் பதினோரு வருஷம் மார்க்கெட்ல இருந்துச்சு. சண்டை இன்னைக்கு வரைக்கும் ஓயல. 2017ல அரசாங்க நிபுணர் குழு மாத்திரைக்கும் கோளாறுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொல்ல ஆதாரம் பத்தலன்னுச்சு, அடுத்த வருஷமே ஆக்ஸ்ஃபோர்டுல பழைய ஆராய்ச்சிய எல்லாம் சேர்த்து கூட்டிப் பாத்து சம்பந்தம் தெரியுதுன்னாங்க, 2020ல பாரனஸ் கம்பர்லெஜ்னு அந்த ஊர் மேல்சபை உறுப்பினரம்மா தலைமைல வந்த ரிப்போர்ட் தவிர்த்திருக்கக்கூடிய தீங்குன்னு சொல்லி அரசாங்கத்த மன்னிப்பு கேக்க சொல்லுச்சு, 2023ல கோர்ட்டு குடும்பங்களோட வழக்க தள்ளுபடி பண்ணிடுச்சு.

நம்ம நாட்டுலயும் இதே கூட்டணில அதிக டோஸ் ஈஸ்ட்ரோஜன் ப்ரோஜெஸ்டிரோன் மாத்திரைங்க ஓடிட்டுதான் இருந்துச்சு, ஈபி ஃபோர்ட்னு சொன்னா உங்க வயசுக்காரங்க பல பேருக்கு ஞாபகம் வரும். மாசமான்னு பாக்கறதுக்கும் குடுத்தாங்க, கலைக்கறதுக்குன்னும் ஜனங்க தானா வாங்கி சாப்பிட்டாங்க, அது கலைக்கவும் கலைக்காது. 1982ல அரசாங்கம் தடை போட்டுச்சு, கம்பெனிங்க கோர்ட்டுல ஸ்டே வாங்கினாங்க, பெண்கள் அமைப்புங்களும் சில டாக்டர்களும் விடாம போராடி சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி 1988லதான் நெஜமா தடை ஆச்சு. நீங்க சாப்பிட்ட 1984 இந்த நடு வருஷத்துல வருது. எனக்கு இதை எழுதும்போதே கோவம் வருது.

உங்க பையன் வெரலு அதனாலதான்னு ஒருத்தராலயும் அடிச்சு சொல்ல முடியாதும்மா. வெரல் பாதில நிக்கறதுக்கு பல சமயம் பனிக்குடத்து சவ்வுலேருந்து நூல் மாதிரி பிரிஞ்சு வெரல சுத்தி இறுக்கறதே காரணம், எந்த மாத்திரையும் சாப்பிடாதவங்களுக்கும் அது வருது. மாத்திரையாவே இருந்தாலும் அது பரம்பரையா போறதில்ல, பேரன் பேத்திக்கு பயம் வேணாம். பையன்கிட்ட சொல்லணுமான்னு நீங்க கேக்கல, ஆனா கேட்டிருந்தா சொல்லுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். நாப்பது வயசு தாண்டின புள்ள, புரிஞ்சுக்குவான்.

அம்மாக்கள் மறைக்காம சொல்றது எவ்வளவு முக்கியம்னு காட்ட ஒரு பழைய கதை சொல்றேன். ஸ்டில்பெஸ்ட்ரால்னு ஒரு மருந்து, 1938ல லண்டன்ல சார்ல்ஸ் டாட்ஸ் கண்டுபிடிச்ச செயற்கை ஈஸ்ட்ரோஜன். கரு கலையாம இருக்கும்னு அமெரிக்காவுல லட்சக்கணக்கான பொண்ணுங்களுக்கு குடுத்தாங்க. 1953லயே சிகாகோல ட்ரையல் பண்ணி பலன் இல்லன்னு சொல்லிட்டாங்க, அப்பவும் நிறுத்தல. 1971ல பாஸ்டன் டாக்டருங்க ஒரு கட்டுரை எழுதினாங்க: எட்டு பொண்ணுங்களுக்கு, பதினஞ்சுலேருந்து இருபத்திரெண்டு வயசுக்குள்ள, பிறப்புறுப்புப் பாதைல அபூர்வமான ஒரு புத்துநோய். எதனாலன்னு டாக்டருங்க தலைய பிச்சுக்கிட்டு இருந்தப்ப ஒரு பொண்ணோட அம்மாதான், நான் மாசமா இருக்கும்போது ஒரு மாத்திரை சாப்பிட்டேனே அதனாலயா இருக்குமான்னு கேட்டாங்க. விசாரிச்சா எட்டு அம்மாக்கள்ல ஏழு பேரு சாப்பிட்டிருந்தாங்க. அந்த வருஷமே கர்ப்பிணிங்களுக்கு குடுக்கக்கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு.

கேள்வி (ஈரோடு வாசகி): பிசிஓடி, அதான் சினைப்பைல நீர்க்கட்டி. கரு நிக்கறதுக்கு லெட்ரோசோல் மாத்திரை அஞ்சு நாள் குடுத்தாங்க, மூணாவது மாசமே கரு நின்னுடுச்சு. சந்தோஷமா இருந்தோம், அப்புறம் பாத்தா அது மார்புப் புத்துநோய் மருந்தாம், இந்தியாவுல தடை பண்ணதாம். அழுகையா வருது.

பதில்: அழாதீங்க, பாதி கதைதான் படிச்சிருக்கீங்க. அது புத்துநோய்க்கும் குடுக்கற மருந்துதான், ஈஸ்ட்ரோஜன கொஞ்ச நாள் கொறைக்கும், உடனே மூளை முட்டைய வளர்க்கற ஹார்மோன ஜாஸ்தியா அனுப்பும், அவ்வளவுதான் சூட்சுமம். 2005ல கனடாவுல ஒரு மாநாட்டுல சின்ன ஆராய்ச்சி ஒண்ணு வாசிச்சாங்க, கோளாறு ஜாஸ்தின்னு. உலகமே பயந்துச்சு. அடுத்த வருஷம் அதே கனடாவுல 911 கொழந்தைங்கள கணக்கெடுத்தா லெட்ரோசோல்ல 2.4 சதவீதம், பழைய மருந்து குளோமிஃபீன்ல 4.8. நம்ம அரசாங்கம் 2011ல கொழந்தை உண்டாகறதுக்கு இதை குடுக்கக்கூடாதுன்னு தடை போட்டுச்சு, 2017ல எடுத்துடுச்சு. நெட்ல தடை போட்ட செய்திதான் முன்னாடி வந்து நிக்கும், எடுத்த செய்தி எங்கயோ அடில கிடக்கும். இன்னைக்கு பிசிஓடிக்கு முதல் மருந்தே இதுதான்.

தவிர நீங்க சாப்பிட்டது நாள் வந்த ரெண்டாவது மூணாவது நாள்லேருந்து, உடம்புல பாதி கொறைய ரெண்டு நாள் போல ஆகும், கரு வந்து ஒட்டறப்ப மருந்து கிட்டத்தட்ட காலி. ஜாக்கிரதையா இருக்க வேண்டியது ஒரே எடத்துல, நாள் சரியா வராம லேசா பட்டதையே பீரியட்னு நெனச்சு மாசமா இருக்கும்போதே சாப்பிடறது. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ண சொல்றோம்.

கேள்வி (சிவகாசி வாசகி): தைராய்டு மாத்திரை 50 சாப்பிடறேன். மாசமானதும் ஹார்மோன் வேணாம்னு நானே நிறுத்திட்டேன், சரிதானே?

பதில்: சரியில்ல! இங்க ஆபத்து மாத்திரைல இல்ல, நிறுத்தறதுலதான். கொழந்தையோட தைராய்டு வேலை செய்ய ஆரம்பிக்க மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் அதோட மூளை வளர உங்க ஹார்மோன்தான். நிறுத்தறது இருக்கட்டும், மாசமானா நூத்துக்கு 25லேருந்து 50 வரைக்கும் டோஸ கூட்டவே வேண்டியிருக்கும். இன்னைக்கே ஆரம்பிச்சுட்டு டிஎஸ்ஹெச்னு தைராய்டு ரத்த டெஸ்ட் பாருங்க. காலைல வெறும் வயித்துல தண்ணில, காபி அரை மணி நேரம் கழிச்சு. அரசு ஆஸ்பத்திரில குடுக்கற இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் இதோட சேர்ந்து போட்டா இது ஒடம்புல சேராது, நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க. தைராய்டு கம்மிக்கு உள்ளத சொல்றேன். ஜாஸ்திக்கு சாப்பிடற கார்பிமசோல் நேரெதிர் கதை, அது ஆரம்ப வாரங்கள்ல உச்சந்தலைத் தோல், மூக்குத் துவாரம் இதுலயெல்லாம் கோளாறு கொண்டு வரலாம், அதனால கொழந்தைக்கு ப்ளான் பண்ணும்போதே டாக்டர்ட்ட சொல்லி மாத்திக்கணும். அதையும் தானா நிறுத்தக்கூடாது.

கேள்வி (கோவை வாசகி): சிரிக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் முடி கொட்டறதுக்கு ஃபினாஸ்டரைட் சாப்பிடறார். 5 மில்லிகிராம் வாங்கி கத்தியால நாலா வெட்டி டப்பால போட்டு வைக்கறது நான்தான். எனக்கு இப்ப 9 வாரம்.

பதில்: சிரிக்கல, நல்ல கேள்வி. ஆம்பள கொழந்தையோட பிறப்புறுப்பு சரியா உருவாக ஒரு ஹார்மோன் வேணும், இந்த மாத்திரை அதைத்தான் தடுக்குது, அதனால கர்ப்பிணிங்க உடைஞ்ச மாத்திரைய தொடக்கூடாதுன்னு லேபிள்லயே போட்டிருக்கு. முழு மாத்திரைக்கு மேல கோட்டிங் இருக்கும், அதை எடுத்து குடுத்தா ஒண்ணும் ஆகாது, வெட்டறதுதான் வம்பு. அவர் விந்துல வர்ற அளவு ரொம்ப ரொம்ப கம்மி, அதுக்கு பயப்பட வேண்டியதில்ல. இதுவரைக்கும் வெரல்ல ஒட்டின தூளால பெருசா எதுவும் ஆகியிருக்காது, அனாமலி ஸ்கேன் எடுக்கும்போது டாக்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க. இனிமே அந்த டப்பா, கத்தி, வெட்டற பலகை எல்லாத்தையும் அவர்ட்டயே குடுத்துடுங்க, பலகைய சமையல்கட்டுல காய் நறுக்கவும் வச்சிருந்தீங்கன்னா புதுசு ஒண்ணு வாங்கிக்கோங்க.